எழுதி வைக்கும் முட்டை, முட்டி உடைக்கும் முட்டை

2024-இல் மார்ச் 31 அன்று ரோமிலும் சென்னையிலும் ஈஸ்டர் முடிந்துவிட்டது. கீவிலும் ஏதென்ஸிலும் அப்போதுதான் தவக்காலத்தின் இரண்டாம் வாரம். அங்கே ஈஸ்டர் மே 5. ஈஸ்டரை இன்னும் பழைய ஜூலியன் கணக்குப்படியே குறிக்கும் திருச்சபைகள் அவை. உக்ரைனின் இரண்டு பெரிய திருச்சபைகள் 2023-இல் கிறிஸ்துமஸை ஜனவரி 7-இலிருந்து டிசம்பர் 25-க்கு நகர்த்தியபோதும் ஈஸ்டரைத் தொடவில்லை. ஆக, உக்ரைன்காரர் வீட்டிலும் கிரேக்கர் வீட்டிலும் எந்த ஆண்டும் ஒரே ஞாயிறுதான். ஏட்டில் உள்ள விரதமும் ஏறத்தாழ ஒன்றே: ஏழு வாரம் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் ஆகாது. கோழிக்கு மட்டும் விரதம் கிடையாது. வசந்தம் பிறந்த தெம்பில் அது இட்டுக்கொண்டே போகும், கூடை நிரம்பும். ஈஸ்டருக்கு முட்டை வந்ததற்கு உயிர்ப்பு, திறந்த கல்லறை, புது வாழ்வு என்று எத்தனையோ விளக்கம் சொல்வார்கள். சேர்ந்துபோன முட்டையை என்ன செய்வது என்ற அடுப்படிக் கேள்விக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த இடம்வரை இரண்டு வீடும் ஒரே வழியில் வருகின்றன. பிறகு பிரிகின்றன. ஒரு வீடு முட்டையின்மேல் எழுதி, ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துகிறது. இன்னொரு வீடு சாயம் ஏற்றி, மூன்றாம் நாள் நள்ளிரவில் முட்டி உடைத்துத் தின்கிறது. முன்னது கலை, பின்னது சும்மா சாப்பாடு என்று எடைபோடுவது எளிது. பயணக் கட்டுரைகள் பலவும் அப்படித்தான் போட்டிருக்கின்றன. எனக்கு அந்தத் தராசின்மேல் சந்தேகம்.

உக்ரைனின் எழுதிய முட்டைக்குப் பிசன்கா என்று பெயர். அது பச்சை முட்டை. அவிப்பதில்லை; துளை போட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுப்பதும் பழைய மரபில் இல்லை. எழுதும் கருவி கிஸ்ட்கா: ஒரு குச்சி, அதன் நுனியில் கம்பியால் கட்டிய சின்னஞ்சிறு பித்தளைப் புனல். புனலை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, தேன்மெழுகுக் கட்டியில் ஒரு சுரண்டு சுரண்டி, மறுபடியும் சுடரில் காட்டினால் மெழுகு உருகி முனையில் வந்து நிற்கும். அதைக் கொண்டுதான் ஓட்டின்மேல் கோடு. சுடரின் கரி ஏறி மெழுகு கறுத்துப்போவதால் வெள்ளை ஓட்டில் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கோடு இழுக்கும்போது கருவி பிடித்த கை அசையக் கூடாது. மறுகையில் இருக்கும் முட்டைதான் திரும்ப வேண்டும். கையை ஓட்டினால் கோடு நெளிந்துவிடும்.

பாத்திக் துணி போடுகிறவர்களுக்கு முறை உடனே பிடிபடும். முதலில் மெழுகால் மூடிய இடம் கடைசிவரை வெள்ளை. முட்டையை மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்துத் துடைத்து, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தை அடுத்து மூட வேண்டும். பிறகு ஆரஞ்சு, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்போ கரும்பழுப்போ. வேலை முடியும் தறுவாயில் கையில் இருப்பது கரியும் மெழுகும் அப்பிய, மேடுபள்ளமான, பார்க்கச் சகிக்காத ஓர் உருண்டை. அதைச் சுடருக்கு மேலே பிடித்தால் புகை படியும். பக்கவாட்டில் பிடித்து, மெழுகு பளபளக்கத் தொடங்கியதும் துணியால் ஓர் இழுப்பு. வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் ஒரே நொடியில் வெளியே வரும். அதுவரை எழுதியவளுக்கே தன் முட்டை எப்படி வந்திருக்கிறதென்று முழுசாகத் தெரியாது. இடையில் தவறிச் சொட்டிய மெழுகை அழிக்கவும் வழியில்லை. அந்தச் சொட்டையே ஒரு பூவாகவோ நட்சத்திரமாகவோ ஆக்கிக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

பழைய வழக்கில் இது பெண்கள் வேலை, இரவு வேலை. குழந்தைகள் தூங்கியபின் தாயும் வளர்ந்த மகள்களும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். வடிவங்கள் தாயிடமிருந்து மகளுக்குப் போகும்: முடிவே இல்லாமல் சுற்றிவரும் அலைக்கோடு, மான், கதிரவன், கோதுமைக் கதிர், ஓட்டை நாற்பது முக்கோணங்களாகப் பிரிக்கும் கட்டம். கார்பேத்திய மலைக் கிராமமான கோஸ்மாச்சின் முட்டைகள் மயிரிழைக் கோடுகளுக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கும் பேர்போனவை. அந்த மலையில் வாழும் ஹுட்சுல் மக்களிடம் ஒரு கதை உண்டு. தீமையே உருவான ஒரு பூதம் பாறையில் சங்கிலியால் கட்டுண்டு கிடக்கிறது. ஆண்டுதோறும் ஆள் அனுப்பி, இந்த முறை எத்தனை பிசன்கா எழுதினார்கள் என்று எண்ணிவரச் சொல்கிறது. எண்ணிக்கை குறைந்தால் சங்கிலி தளரும், கூடினால் இறுகும். உலகத்தைக் காக்கும் பொறுப்பைத் தூக்கம் கெட்ட நாலு பெண்களின் கையில் ஒப்படைத்த கதை.

எழுதி முடித்த முட்டைகள் பிறகு பல திசைக்குப் போகும். ஞானப்பிள்ளைக்கு ஒன்று, கால்நடைத் தொழுவத்துக்கு ஒன்று, தேனீப் பெட்டிக்கு அடியில் ஒன்று, இறந்தவர் கல்லறைக்கு ஒன்று. மிச்சம் வீட்டில் ஒரு கிண்ணத்தில் இருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே உள்ள ஈரம் மெல்ல மெல்லப் போய், ஆண்டுகள் கழித்துக் கரு ஒரு சிறு கட்டியாகக் காய்ந்துவிடும். அதற்கு முன் விரிசல் விட்டால் கெட்டது. அந்த நாற்றத்தோடு ஒரே அறையில் யாராலும் இருக்க முடியாது. இக்காலத்தில் பலர் உள்ளிருப்பதை ஊதி எடுத்துவிடுவது இந்தப் பயத்தால்தான்.

இதே வீட்டில் இதே நாட்களில் பாஸ்கா ரொட்டியும் தயாராகிறது. மாவு பொங்கும் நேரத்தில் கதவை அறைந்து சாத்தக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, சண்டை கூடவே கூடாது. மாவு அமுங்கிவிடும் என்பார்கள். மஞ்சள்கருவை வாரி இறைத்து உயரமாகச் சுடும் வகை ஒன்று உண்டு. அதை அடுப்பிலிருந்து எடுத்ததும் தலையணைமேல் படுக்கவைத்து, பக்கம் மாற்றி உருட்டி உருட்டி ஆறவைப்பது பழைய பாட்டிமார் வழக்கம். சூட்டோடு நிமிர்த்தி வைத்தால் தன் பாரத்திலேயே இடுப்பொடிந்து போகுமாம். முட்டை எழுதும் இரவும் ரொட்டி பொங்கும் பகலுமாக, கடைசி மூன்று நாள் அந்த வீடு பிரசவம் நடக்கும் வீடுபோல இருக்கும்: ஆண்கள் வாசலோடு சரி, பேச்செல்லாம் கிசுகிசு.

கிரேக்க வீட்டில் பெரிய வியாழனுக்குச் சிவப்பு வியாழன் என்றே ஒரு வழக்குப் பெயர் உண்டு. வெங்காயத் தோலை வினிகர் விட்டுக் கொதிக்கவைத்து, அதில் முட்டையைப் போட்டு அவித்தால் செம்பழுப்பு ஏறும். இன்றைக்குப் பெரும்பாலும் கடையில் விற்கும் சிவப்புச் சாயப் பொட்டலம்தான். மொத்த வேலையும் ஒரு முற்பகலுக்குள் அடங்கிவிடும். இதில் குழந்தைகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பார்ஸ்லி இலை ஒன்றை முட்டைமேல் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட வேண்டும். அவிழ்த்தால் சிவப்புக்கு நடுவே இலை, காம்பும் பல்லுமாக வெளிறிப் பதிந்திருக்கும். மூன்று வயதுப் பிள்ளை கட்டினாலும் முப்பது வருடம் கட்டிப் பழகிய பாட்டி கட்டினாலும் ஏறக்குறைய அதே இலை. ஆறியபின் ஆலிவ் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் முட்டை மினுங்கும். விரலெல்லாம் சிவப்பு, மேசை விரிப்பில் சிவப்பு, யாராவது ஒருவர் சட்டையிலும் சிவப்பு.

அதே அடுப்பில் சுரேகி வேகும். மூன்று புரியாகப் பின்னிய இனிப்பு ரொட்டி அது. பின்னலுக்கு நடுவே ஒரு சிவப்பு முட்டையைப் பதித்துவிடுவார்கள். அதன் வாசனைக்கு இரண்டு காரணம். ஒன்று மஹ்லெப் என்ற, ஒருவகைச் செர்ரிக் கொட்டையின் உள்பருப்பு. மற்றது கியோஸ் தீவின் தென்பகுதி மரங்களைக் கீறி எடுக்கும் மாஸ்டிக் பிசின்.

வெள்ளிக்கிழமை அடுப்பில் அதிகம் வேலை இல்லை. பல வீடுகளில் வேகவைத்த மசூர் பயறும் வினிகரும் மட்டும். சிலுவையில் கொடுத்த காடியின் நினைவு அது. சனிக்கிழமை மறுபடி பெண்கள் கை ஓயாது. நள்ளிரவுக்குப் பிறகு விரதம் விடும் சூப்பான மாயிரீட்சாவுக்கு ஆட்டுக்குடலும் ஈரலும் வேண்டும். குடலைப் புரட்டிப் போட்டு எலுமிச்சை விட்டுக் கழுவும் பாடு நம்மூர் அடுப்படிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதோடு வெங்காயத்தாள், லெட்யூஸ், சதகுப்பை இலை சேர்த்து, இறக்கும் சமயத்தில் முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்து ஊற்றுவார்கள்.

நள்ளிரவுக்குச் சற்று முன் கோவிலில் விளக்கெல்லாம் அணையும். குருவானவரின் கையிலுள்ள ஒரே சுடரிலிருந்து மெழுகுவர்த்திக்கு மெழுகுவர்த்தி தீ பரவும். ஞானத்தாய் தகப்பன்மார் ரிப்பனும் பொம்மையும் கட்டி அலங்கரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தி பிள்ளைகள் கையில் இருக்கும். அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நிலைப்படியின் மேற்கட்டையில் புகையால் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். பிறகு சூப்பு, முட்டை. ஒருவர் தன் முட்டையின் முனையால் மற்றவர் முட்டையின் முனையில் தட்டி “கிறிஸ்தோஸ் அனெஸ்தி” என்பார், கிறிஸ்து உயிர்த்தார். மற்றவர் “அலித்தோஸ் அனெஸ்தி”, மெய்யாகவே உயிர்த்தார் என்று பதில் சொல்வார். முனை முடிந்தால் அடிப்பக்கம். யாருடைய முட்டை கடைசிவரை உடையாமல் நிற்கிறதோ அவருக்கு அந்த ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம். பின்னிரவு இரண்டு மணிக்குத் தாத்தாவும் பேரனும் முட்டையை எந்தக் கோணத்தில் பிடித்தால் செல்லும், எது கள்ளாட்டம் என்று வழக்கடித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது போக்குவரத்தின் திசை. உக்ரைனில் வீட்டில் செய்தவை கோவிலுக்குப் போகின்றன. பாஸ்கா, அவித்த முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பன்றித்தொடை, கொத்திறைச்சிக் குழல், குதிரைமுள்ளங்கி, உப்பு எல்லாம் கூடையில் அடுக்கி, பூத்தையல் துணியால் மூடி எடுத்துப்போவார்கள். கோவில் முற்றத்தில் கூடைகள் வரிசையாக நிற்கும். குருவானவர் நடந்துகொண்டே தீர்த்தம் தெளிப்பார். யார் வீட்டு ரொட்டி எவ்வளவு எழும்பியிருக்கிறது, யார் துணியில் தையல் எப்படி என்று பக்கத்துக் கூடைமேல் ஓரக்கண் போகாமலா இருக்கும்? கிரேக்கத்தில் போக்கு எதிர்த்திசை. கோவிலின் தீ வீட்டுக்கு வருகிறது. ஒரு மரபு வீட்டுக் கைவேலையைக் கொண்டுபோய் ஆசி வாங்குகிறது. மற்றது ஆசியைச் சுடராகக் கொண்டுவந்து வீட்டில் நுழைக்கிறது. முட்டையின்மேல் இரவெல்லாம் உழைக்கத் தோன்றியதற்கும், முட்டையை ஒரு முற்பகலில் முடித்துவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பத் தோன்றியதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது என்பது என் ஊகம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் இது தொடர்கிறது. உக்ரைன் மேசை ஆறிய மேசை. எல்லாம் முன்பே சமைத்தவை. மந்திரித்த முட்டையொன்றைத் துண்டு போட்டு ஆளுக்கொரு வாய் கொடுத்து விரதம் விடுகிறார்கள். மூன்று நாள் முதுகொடிய நின்ற பெண்ணுக்கு அன்றைக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. கிரேக்கத்தில் ஞாயிறு காலையில் முற்றத்தில் கரி மூட்டி, முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்து மணிக்கணக்கில் சுற்றுகிறார்கள். சுற்றுவது பெரும்பாலும் ஆண்கள். சனிக்கிழமை குடல் கழுவியவர்கள் யார் என்பதை அந்தப் புகையில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேலையைப் பங்கிடுவதில் எந்த மரபு நியாயமானது என்று கேட்டால் இரண்டுமே தோற்கும். ஓய்வென்று ஒரு முழு நாளையாவது தந்த வகையில் உக்ரைன் ஒரு படி மேல்.

ஆனால் இப்படிப் பிரித்துக் காட்டுவதில் கொஞ்சம் மிகையும் உண்டு. உக்ரைன் வீட்டிலும் உடைக்கும் முட்டை இருக்கிறது: கிராஷன்கா, ஒரே நிறத்தில் தோய்த்து அவித்தது. கூடையில் போவதும் மேசையில் துண்டாவதும் அதுதான். கிரேக்க வீட்டிலும் வைத்துக்கொள்ளும் முட்டை இருக்கிறது. பானையில் முதலில் சிவக்கும் முட்டை மாதாவுக்கு. அது வீட்டின் திருப்படங்களுக்குப் பக்கத்தில் ஓராண்டு இருக்கும். சென்ற ஆண்டின் முட்டையைத் தோட்டத்திலோ வயலிலோ புதைப்பார்கள். உடைந்த ஓட்டையும் உக்ரைன்காரர்கள் குப்பையில் போடுவதில்லை. ஆற்றில் விடும் வழக்கம் உண்டு. தொலைதூரக் கிழக்கில், கடலுக்கு அப்பால், நாட்காட்டி இல்லாமல் வாழும் ராஹ்மன்கள் என்ற புண்ணியவான்களுக்கு அந்த ஓடு மிதந்து போய்ச் சேரும்போதுதான் ஈஸ்டர் வந்தது தெரியுமாம். அதனால் அவர்களுக்கு 25 நாள் தாமதமாக ஒரு ஈஸ்டர். இந்த ராஹ்மன்கள் வேறு யாருமில்லை, அலெக்சாண்டர் கதைகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன இந்தியப் பிராமணர்கள்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஓடு மிதந்து வந்த செய்தி நம் பக்கத்தில் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

இனி அந்தத் தராசுக்கு வருகிறேன். சோவியத் காலத்தில் பிசன்கா எழுதுவது மத நடவடிக்கையாகப் பார்க்கப்பட்டு ஒடுக்கப்பட்டது. நடு உக்ரைனிலும் கிழக்கிலும் பல இடங்களில் எழுதும் கை அற்றே போனது. ஆனால் அவித்த முட்டையும் ரொட்டியும் வீடுகளில் நின்றன. வெங்காயத் தோல் கிடந்த பானையைப் பார்த்து எந்த அதிகாரி என்ன குற்றம் சாட்ட முடியும்? அரசு ரொட்டிக்கடைகளே அந்தப் பருவத்தில் ‘வசந்த கேக்’ என்ற பெயரில் ஈஸ்டர் ரொட்டியின் ஒன்றுவிட்ட தம்பியை விற்றன. பெயரில் மதம் இல்லை. எதற்கு வாங்குகிறோம் என்பது வாங்கியவருக்குத் தெரியும். பிசன்காவின் உயிர் பெருமளவு கடல் கடந்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்கள் வீடுகளில் இருந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்து வெக்ரவில் ஊரில் 1975-இல் அலுமினியத்தில் ஒரு மாபெரும் பிசன்காவையே நிறுத்தினார்கள், காற்றடித்தால் திரும்பும். உக்ரைன் விடுதலை பெற்றபின் 2000-இல் கொலொமியாவில் முட்டை வடிவக் கட்டடத்தில் பிசன்கா அருங்காட்சியகம் எழுந்தது. 2024 டிசம்பரில், உக்ரைனும் எஸ்தோனியாவும் சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில், யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் பிசன்கா இடம்பெற்றது. கிரேக்கச் சிவப்பு முட்டைக்கு இந்த மரியாதை இல்லை; சுரேகியில் போடும் மாஸ்டிக் பிசினை வளர்த்தெடுக்கும் கியோஸ் மக்களின் அறிவுக்குக்கூட 2014-இல் கிடைத்துவிட்டது.

இதை முட்டைக்கு நேர்ந்த அவமானமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிசன்கா அழகு என்பதில் பேச்சே இல்லை. ஆனால் அழகு கூடக்கூட அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைகின்றன; குறைந்ததும் பட்டியலும் கட்டடமும் பயிற்சி வகுப்பும் வந்து தாங்க வேண்டியிருக்கிறது. சிவப்பு முட்டையில் தேர்ச்சி என்று ஒன்று இல்லாததால் அதை யாரும் மறக்கவும் முடியாது. வைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாததால் அடுத்த ஆண்டும் செய்தே ஆக வேண்டும். சனி ஞாயிறு ஒரு வீட்டைக் கூட்டி உட்காரவைப்பது நோக்கம் என்றால், பார்ஸ்லி இலையும் காலுறைத் துண்டும் கிஸ்ட்காவை வென்றுவிடும்.

இந்தத் தீர்ப்பு தடுமாறுவது ஓரிடத்தில். 2020-இல் ஏப்ரல் 19 ஈஸ்டர்; இரண்டு நாடும் நோய்த்தொற்றுக்குப் பயந்து கதவடைத்திருந்தன. கிரேக்கத்தில் கோவிலிலிருந்து சுடர் வரவில்லை. நள்ளிரவில் பால்கனிகளில் மெழுகுவர்த்தியோடு நின்று உயிர்ப்புப் பாடலைப் பாடினார்கள். உள்ளே வந்தபின் இரண்டு பேர் உள்ள வீட்டில் முட்டை முட்டலாம். தனியாக இருந்தவர் என்ன செய்வார்? ஒரு கையில் ஒன்றும் மறுகையில் ஒன்றுமாக முட்டிக்கொண்டு, எது வென்றாலும் அதிர்ஷ்டம் எனக்கே என்று தேற்றிக்கொள்ளலாம். பிசன்காவுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. 2022-இல் போர் தொடங்கி இரண்டு மாதத்தில், ஏப்ரல் 24 அன்று ஈஸ்டர் வந்தது. ஊரடங்கால் பல ஊர்களில் இரவு வழிபாடு நடக்கவில்லை; பெண்களும் பிள்ளைகளும் லட்சக்கணக்கில் அயல்நாடுகளில் இருந்தார்கள். கிஸ்ட்கா, மெழுகுக் கட்டி, நாலு சாயம் எல்லாம் ஒரு சிறு டப்பாவில் அடங்கும். எழுத ஒருவர் போதும். அந்த வசந்தத்தில் பல நாடுகளில் பிசன்கா எழுதக் கற்றுக்கொடுத்து உக்ரைனுக்கு நிதி திரட்டினார்கள். அவித்த முட்டையை வைத்து அதைச் செய்திருக்க முடியாது.

நம் வீடுகளில் யாராவது செய்து பார்க்க நினைத்தால் வெங்காயத் தோலில் தொடங்குவதே உசிதம். பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி ஆறவிடுங்கள். ஆறிய சாயத்தில் முட்டையைப் போட்டு மெல்லச் சூடேற்றினால் ஓடு விரியாது. வெள்ளை ஓட்டு முட்டையில் நிறம் துலக்கமாகத் தெரியும். பார்ஸ்லிக்குக் கடைகடையாக அலைய வேண்டாம். கொத்தமல்லி இலையே போதும்.